நாலு துறைக்கு ஒரு இணைப்பாளர்

பல்துறைச் சிறப்புப் பாடநெறி ஒன்றுக்கு இணைப்பாளராக இருப்பது, நாலு மாமியாருக்கு ஒரே மருமகளாக இருப்பது போன்றது. நாலு பேரும் வேலை சொல்வார்கள், சாப்பிட்டாயா என்று கேட்க ஒருவரும் இருக்க மாட்டார்.

பல்கலைக்கழகங்களில் 'தற்காலிக' என்ற சொல்லைப் பெயருக்கு முன்னால் சுமந்து திரிந்தவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மூடிக் கிடந்த பாதைகள் திறந்ததும் ஆளாளுக்கு ஒரு திட்டத்தோடு புத்தளத்துக்கு வந்துகொண்டிருந்த காலம். பெயர் சொல்ல விரும்பாத ஒரு பல்கலைக்கழகம் இங்கே ஒரு கிளை வளாகத்தைத் திறந்து, புவியியல், விலங்கியல், வரலாறு, பொருளியல் என்ற நாலையும் ஒன்றாக்கி, கடலை ஒட்டிய புத்தளம் களப்பை வைத்து 'களப்பும் மக்களும்' என்று ஒரு சிறப்புப் பட்டம் தொடங்கியது. முதலாம் வருடத்தில் கூடிய புள்ளி எடுத்த பிள்ளைகளை மட்டும் அதற்கு எடுப்பார்கள். நான் அப்போது புவியியல் பட்டத்தோடு புத்தளத்துக் கரைத்தீவில் வீட்டில் இருந்தேன். விண்ணப்பித்தேன். ஐந்து வருடம் அந்த வேலையில் இருந்தேன்.

கையொப்பப் புத்தகம்

முதல் நாள் எனக்கு உட்கார இடம் இருக்கவில்லை. புவியியல் துறைத் தலைவர், "நீங்க நாலு துறைக்கும் பொதுவான ஆள். எங்கட அறையில இருந்தா மத்தவங்க குறை நினைப்பாங்க" என்றார். விலங்கியல்காரர், ஆய்வுகூடத்தில் மருந்து மணம் எனக்கு ஒத்துவராது என்று என் சுகத்தில் அக்கறைப்பட்டார். வரலாற்றுத் துறையில் ஒரு வெறுங்கதிரை இருந்தது. நான் அதைப் பார்ப்பதைக் கண்டவுடன் ஒருவர் அதில் புத்தகக் கட்டு ஒன்றை வைத்தார். பொருளியல் துறை பூட்டியிருந்தது. பகல் சாப்பாட்டு நேரம் வரை நியமனக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடையில் நின்றேன். பிறகு பழைய வரைபடங்கள் சுருட்டி வைக்கும் அறையில் ஒரு மேசை போட்டுத் தந்தார்கள். ஐந்து வருடமும் அதுதான் என் அலுவலகம்.

அடுத்த நாள் காலையில் கையெழுத்து வைக்கப் போனேன். புத்தகத்தில் ஒவ்வொரு துறைக்கும் ஒவ்வொரு பக்கம். எழுதுவினைஞர் பௌசியா ராத்தா நல்ல மனுசி. எனக்காக முன்னுக்கும் பின்னுக்குமாகப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "மிஸ், நாலு துறையும் உங்கட எண்டு கடிதத்தில இரிக்கி. ஆனா கையெழுத்து வைக்க ஒரு வரி கூட உங்களுக்கு இல்லையே."

எத்தாளையிலிருந்து ஒருவர்

முதல் அணிக்கு ஐந்து பிள்ளைகள் வேண்டும். அதற்குக் குறைந்தால் பாடநெறியைத் தொடங்க விடமாட்டார்கள், தொடங்காவிட்டால் எனக்கும் வேலை இல்லை. நாலு பேரைப் பிடித்துவிட்டேன். ஐந்தாவது ரிஹானா. எத்தாளைப் பிள்ளை, முதலாம் வருடத்தில் புவியியலில் முதலிடம். ஒருவரையும் கேட்காமல் புவியியல் சிறப்புப் பட்டத்துக்குப் போயிருக்கக்கூடியவள். பாடநெறியை உருவாக்கிய பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு, "வீட்டுக்காரர் வந்து கேட்டா வேலை நிச்சயம் எண்டு சொல்லுங்க. நான் மேல கதைச்சிட்டன்" என்றார். மேல என்றால் எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ரிஹானா தன் வாப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். களப்பில் வலை போடுகிற மனிதர். ஜும்மாவுக்குப் போடும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். விரல்களில் தங்கூசி வலைநூல் வெட்டிய தழும்புகள். கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை. அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"இதப் படிச்சா டீச்சர் வேல கிடைக்குமா மிஸ்? எங்கட ஊர்ல புவியியல் படிச்ச புள்ள ஒண்டுக்குக் கிடைச்சிரிக்கி."

"கட்டாயம் கிடைக்கும். அதவிட இது பெறுமதி கூடின பட்டம்" என்றேன். பாதியை நம்பித்தான் சொன்னேன். மற்றப் பாதியை எதற்காகச் சொன்னேன் என்று உங்களுக்கு விளங்கும்.

அவர் மகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நாங்க படிக்காத ஆக்கள். நீங்க எண்ட புள்ளைக்குக் கெடுதி சொல்லுவீங்களா மிஸ்?"

உப்பளத்தில்

வளாகத்தில் ஓடுகிற நிலையில் இருந்தது ஒரு பஸ்தான். அதனால் நாலு துறை விரிவுரையாளர்களும் ஒரே நாளில் களப்பயிற்சி வைத்தார்கள். ஒரே பஸ்ஸில் போய் உப்பளத்தில் இறங்கி, நாலு பக்கமாகப் பிரிந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் தனித்தனி வினாக்கொத்து. தன்னுடையதை ஒருவரும் மற்றவருக்குக் காட்டியிருக்கவில்லை.

வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை முதலில் புவியியல் பிடித்தது. எந்த ஊர், எத்தனை வருடமாக இங்கே. அவர் கால் விளிம்பெல்லாம் உப்பில் வெடித்திருந்தது. ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றுகொண்டு பதில் சொன்னார். பிறகு பொருளியல் வந்தது. பிறகு வரலாறு. பிறகு விலங்கியல் வந்து, பாத்தியில் என்ன பூச்சி கண்டீர்கள், எந்தப் பறவை வரும் என்று கேட்டது. ஒவ்வொருவரும் பெயர், வயது, பிள்ளைகள் என்று ஆதியிலிருந்து தொடங்கினார்கள். கங்காணி இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மாணவர்களுக்கென்று நாலு துறையையும் சேர்த்து நான் ஒரு வினாக்கொத்து தயாரித்திருந்தேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை. ஐந்தாவதாக அதை எடுத்துக்கொண்டு, ரிஹானாவோடு அவரிடம் போனேன். "உம்மா, உங்கட பேர்..." என்று தொடங்கினேன். அவர் வாருபலகையைக் கீழே வைத்தார். கோபமில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார்: "எல்லாரும் ஒரு பஸ்ஸிலதானே வந்தீங்க, உங்களுக்குள்ள பேச்சுவார்த்த இல்லையா?"

எங்கள் தெரு

இடம்பெயர்வு பற்றிப் படிப்பிக்கக் கொழும்பிலிருந்து ஒரு விரிவுரையாளரை வரவழைத்தார்கள். மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் விரட்டப்பட்டு வந்த முஸ்லிம்களின் குடியிருப்பு ஒன்றை மாணவர்களுக்குக் காட்ட வேண்டும் என்றார். அவற்றில் ஒன்றில்தான் நானே இருக்கிறேன் என்று சொல்ல எனக்கு ஏனோ வாய் வரவில்லை. பௌசியா ராத்தா பாதை சொல்லி அனுப்பியிருந்தார் போல. பஸ் கரைத்தீவுக்குள் திரும்பி, நேராக எங்கள் தெருவில் போய் நின்றது.

நான் மன்னாரை விட்டு வரும்போது எனக்கு ஐந்து வயது. வாப்பாவின் தோளில் இருந்தது மட்டும் நினைவிருக்கிறது. எங்கள் வீட்டு வேலிக்கு முன்னால் நின்று கொழும்பு விரிவுரையாளர் தன் பாடத்தைத் தொடங்கினார். ஓலைக் குடிசையிலிருந்து கல்வீடு வரை, தற்காலிகத் தன்மை, வேரற்ற நிலை என்று அடுக்கிக்கொண்டே போனார். மாணவர்கள் குறிப்பெடுத்தார்கள். ரிஹானாவுக்கு அது என் வீடு என்று தெரியும். பேனையை மூடிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

உம்மா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். கையில் ஈரத் துணியோடு வேலியருகே வந்து கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு கூட்டத்தில் ஒளிந்து நின்ற என்னைக் கண்டுபிடித்து, எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்: "மகள், இந்த வீட்டுக்கு நான் மூணு தரம் கூரை மாத்திட்டன், இனி நான் எங்கேயும் போற ஆளில்ல எண்டு அந்த சேருக்குச் சொல்லு."

ஜெராட் போனது

ஐந்து பேரில் ஒருவன் ஜெராட். மாம்புரிப் பையன். வீட்டார் வெங்காயமும் மிளகாயும் பயிர் செய்கிறார்கள். வகுப்பில் சிரிக்க வைக்கிறவன் அவன்தான். மூன்றாம் வருடத் தொடக்கத்தில் சிரிப்பில்லாமல் என் அறைக்கு வந்து ஒரு கடிதத்தை நீட்டினான். புவியியல் சிறப்புக்கு மாறுகிறானாம். லீவில் கல்விக் கந்தோருக்குப் போய், ஆசிரியர் நியமனத்துக்கு எந்தெந்தப் பட்டங்களை எடுப்பார்கள் என்ற பட்டியலைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். "அதில எங்கட பட்டம் இல்ல மிஸ்."

பேராசிரியரிடம் ஓடினேன். "சேர்ப்பாங்க. அதெல்லாம் நடக்குது" என்றார், கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல். நான் திரும்பி வந்து அதே வசனத்தை ஜெராட்டிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை. நன்றி கெட்டவன் என்றேன், அவசரக்காரன் என்றேன். சொல்லக் கூடாததெல்லாம் சொன்னேன். ரிஹானா வாசலில் நின்றாள். "நீயும் வா. இன்னும் ரெண்டு கிழமை டைம் இருக்கு" என்று அவன் அவளைக் கூப்பிட்டான். அவள் என்னைப் பார்த்தாள். நான் "இரு" என்றேன்.

அவள் இருந்தாள். ஜெராட் கடிதத்தில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, கதவடியில் திரும்பி நின்று சொன்னான்: "நீங்க எங்களுக்குப் பொய் சொல்லல்ல மிஸ், உங்களுக்குச் சொன்ன பொய்யத்தான் எங்களுக்குச் சொல்றீங்க."

இரண்டு பரீட்சகர்கள்

ரிஹானாவின் ஆய்வேட்டைப் பற்றி நான் இன்றைக்கும் பெருமையாகப் பேசுவேன். களப்பில் தொழில் செய்கிறவர்கள் தண்ணீருக்கடியில் உள்ள இடங்களுக்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்கள். மேட்டுக்கு ஒரு பெயர், குழிக்கு ஒரு பெயர், புல் முளைத்த இடத்துக்கு ஒரு பெயர். எழுத்தில் எங்கும் இல்லாத பெயர்கள். ஒரு வருடம் வாப்பாவின் தோணியில் போய், அந்தப் பெயர்களைத் தமிழிலும் சிங்களத்திலும் கேட்டு எழுதினாள். ஒவ்வொரு இடத்திலும் ஆழம் பார்த்தாள், தண்ணீர் எடுத்து உப்பளவு பார்த்தாள், அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். புல்லுத்திடல் என்ற பெயருள்ள இடத்தில் ஒரு புல்லும் இல்லை, வெறும் சேறு. ஆமைக்குழியில் ஆமை கண்டவர்கள் எல்லோரும் கிழவர்கள். இப்படிப் பெயரையும் தண்ணீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த இடம் எந்தத் தலைமுறையில் கெட்டது என்று ஒரு வரைபடம் கீறினாள். நாலு துறையும் ஒன்றாகச் சேர்ந்து எதையாவது பெற்றது என்றால் அது அந்த ஒரு வரைபடம்தான்.

பல்துறை ஆய்வேடு என்பதால் இரண்டு பரீட்சகர்கள். வரலாற்றுப் பரீட்சகர், உப்பளவு அட்டவணைகளைத் தன்னால் மதிப்பிட முடியாது, விலங்கியலுக்கு அனுப்புங்கள் என்று எழுதினார். விலங்கியல் பரீட்சகர், இடப்பெயர்கள் தன் துறையல்ல, வரலாற்றுக்கு அனுப்புங்கள் என்று எழுதினார். ஒரே கட்டடத்தின் இரண்டு மாடிகளுக்கிடையில் அது எட்டு மாதம் ஏறி இறங்கியது. ஏற்றி இறக்கியது நான். அவளுடைய முடிவுகள் அதுவரை நிறுத்தி வைக்கப்பட்டன. ஜெராட்டின் அணி பட்டம் வாங்கி வீட்டுக்குப் போய்விட்டது.

கடைசியில் விலங்கியல் பரீட்சகரின் மேசைக்கு முன்னால் போய் நின்று, வாசித்தாவது பார்த்தீர்களா சேர் என்று கேட்டேன். அவர் மனம் நொந்துவிட்டார். "வாசிச்சன், ரெண்டு தரம் வாசிச்சன். இவ்வளவு நல்ல வேலைய எங்கட துறைப் பிள்ள ஒண்டு செய்திருந்தா நாளைக்கே புள்ளி போட்டிருப்பன்."

நன்றி

ஒரு வழியாகப் புள்ளி வந்தது. நல்ல புள்ளி. அதற்கு அடுத்த மாதம் கொழும்பில் ஒரு ஆய்வரங்கு நடந்தது. அதன் தொகுப்பு நூல் வளாகத்துக்கு வந்தபோது பௌசியா ராத்தா பிரித்துப் பார்த்து, "மிஸ், இது எங்கட ரிஹானாட படம்தானே?" என்று கொண்டுவந்து தந்தார். அவளுடைய வரைபடம்தான். புல்லுத்திடலுக்குப் பக்கத்தில் அவள் போட்ட சின்ன நட்சத்திரக் குறி கூட அப்படியே இருந்தது. மேலே இருந்தது பேராசிரியரின் பெயர். புரட்டிப் பார்த்தேன். ரிஹானா என்ற மூன்று எழுத்து எங்கும் இல்லை.

அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தாள். "அச்சு வடிவா வந்திரிக்கி" என்றாள். அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பேராசிரியரின் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தேன். மேசையில் நூலை விரித்து வைத்தேன். பேராசிரியர் கோபப்படவில்லை. தன் கையால் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். 'களப்பு மக்களுக்கு நன்றி' என்று ஒரு வரி. அதன் கீழ் விரலை வைத்து, பொறுமையாக எனக்கு விளக்கினார்: "அந்தப் பிள்ளையும் களப்பு ஆள்தானே, இதுக்குள்ள அவவும் வாறா."

பல்கலைக்கழக மூதவைக்கு ஒரு முறைப்பாடு எழுதினேன். கிடைத்ததாகக் கூடப் பதில் வரவில்லை. அந்த வருட முடிவில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டார்கள். பௌசியா ராத்தாதான் கடிதத்தைத் தந்தார், இரண்டு கையாலும். "இதுல மட்டும் எந்தத் துறை எண்டு ஒருத்தரும் கேக்கல்ல மிஸ், நேரா உங்களுக்குத்தான் வந்திரிக்கி."

ஒரு கட்டம்

ஆசிரியர் நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சை குருநாகலில். பட்டியலில் இல்லாத பட்டம்தான், ஆனாலும் ரிஹானாவையும் கூப்பிட்டிருந்தார்கள். ரிஹானாவோடு நானும் போனேன்; எனக்கு அப்போது போக வேறு வேலையும் இல்லை. வெளியே வாங்கில் இருந்தேன். கதவு பாதி திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது. அவள் நல்ல சிங்களத்தில் விளக்கினாள். புவியியலும் படித்திருக்கிறேன், வரலாறும் படித்திருக்கிறேன், இரண்டில் எதைத் தந்தாலும் படிப்பிப்பேன். ஆய்வேட்டை நீட்டினாள். ஒரு அம்மணி அதை வாங்கிப் புரட்டி, மற்றவருக்கும் காட்டினார். கிடைத்துவிடும் என்றே நினைத்தேன்.

பிறகு கடதாசி புரட்டுகிற சத்தம். தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் அங்கே இருந்திருக்கிறார். அவர் அவளிடம் தமிழில் பேசினார், உண்மையில் வருத்தப்பட்டுத்தான் பேசினார்: "நீங்க கெட்டிக்காரி எண்டு எங்களுக்கு விளங்குது தங்கச்சி, ஆனா பாடம் எழுத இந்த விண்ணப்பப் பாரத்தில ஒரு கட்டம்தான் இரிக்கி."

எத்தாளைக்குப் போனது

இரண்டு கிழமை தள்ளிப்போட்டுவிட்டு எத்தாளைக்குப் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் இருந்து மனப்பாடம் செய்தேன். ரிஹானாவின் வாப்பா தோணியைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பகுதியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பிக் கையைத் துடைத்தார். உள்ளே வந்து தேத்தண்ணி குடிக்கச் சொன்னார். நான் நின்றபடியே, பிழை என்னுடையது, தெரியாமல் வாக்குக் கொடுத்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். மனப்பாடம் செய்ததில் பாதி வரவில்லை.

அவர் சுரண்டும் தகட்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். ரிஹானாவின் தங்கை வாசலில் வந்து நின்றாள். ஏஎல் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறாளாம். அவர் அவளைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "உங்கள நான் ஏசமாட்டன் மிஸ். ஆனா இவள் என்ன படிக்கிற எண்டு நாங்களே பாத்துக் கொள்றம்."

காற்றுக்கு முந்தி

ஜெராட் இப்போது புவியியல் ஆசிரியர். நல்ல ஆசிரியர் என்று கேள்வி. ரிஹானா கற்பிட்டியில், உல்லாசப் பயணிகளை டொல்பின் பார்க்கக் கடலுக்கும் பறவை பார்க்கக் களப்புக்கும் கூட்டிக்கொண்டு போகும் ஒரு இடத்தில் வேலை செய்கிறாள். படகில் இருந்து விளக்கம் சொல்வது அவள்தான். மூன்று மொழியில் சொல்வாள்.

போன மாதம் என்னைப் பார்க்கக் கரைத்தீவுக்கு வந்தாள். நம்முடைய பாடநெறியின் புது அணி களப்பயிற்சிக்கு வந்து, அவளுடைய படகைத்தான் பிடித்திருக்கிறது. பன்னிரண்டு பிள்ளைகளாம். கூட வந்த விரிவுரையாளர் புதியவர், அவளை அறியாதவர். எந்த இடத்தில் என்ன பெயர், எங்கே புல் இருந்தது, எங்கே போனது என்று அரை நாள் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பிள்ளைகள் வாய் பார்த்துக்கொண்டு இருந்தார்களாம். ஒரு பிள்ளை கேட்டதாம், அக்கா நீங்க எதுவரைக்கும் படிச்சீங்க என்று.

"என்ன சொன்ன?" என்றேன்.

அவள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "ஓஎல்லோட பள்ளிக்கூடத்த விட்டது எண்டு சொல்லிட்டன் மிஸ். காத்து எழும்ப முந்திப் படகு கரைக்கு வரணும், மத்தத விளக்க நேரம் இரிக்கல்ல."

நன்றாகப் படிக்கிற பிள்ளைகளைத் தேடிப் பிடித்து வேலையில்லாமல் ஆக்குவதற்கு ஒரு ஆள் தேவைப்பட்டது, விண்ணப்பித்தவர்களில் நான்தான் மிகத் தகுதியானவள் என்று ஏகமனதாகத் தெரிவு செய்திருந்தார்கள்.